பிள்ளைப்பேற்று விவரங்களைக் கொண்டு மார்பகப் புற்றுநோய் அபாயத்தை மதிப்பிட்டுக்கொள்வது எப்படி?

மார்பில் கட்டி என்று மருத்துவரிடம் போகும் பெண்ணிடம், கட்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே வேறு சில கேள்விகள் கேட்கப்படும். எந்த வயதில் பூப்படைந்தீர்கள், முதல் குழந்தை பிறந்தபோது உங்களுக்கு என்ன வயது, மொத்தம் எத்தனை பிரசவம், ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள் என்று அவை வரிசையாக வரும்போது பலர் திகைத்துப்போகிறார்கள். சிலர் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் விசாரிக்கப்படுவதாக எண்ணிப் பதிலைச் சுருக்கிக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு வீட்டிலேயே நிதானமாக விடை எழுதிவைத்துக்கொள்வது எப்படி, ஒவ்வொரு விடைக்கும் என்ன பொருள், எந்தக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறேன். பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவளுக்கு மார்பகப் புற்றுநோய் வராது என்று நம் குடும்பங்களில் நிலவும் நம்பிக்கையில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. அந்த ஒரு பகுதியை முழு உண்மையாக எடுத்துக்கொண்டதால் நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்த பெண்களை நான் அறிவேன் என்பதே இதை எழுதத் தூண்டியது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

பூப்படைந்த வயது, ஒவ்வொரு பிரசவமும் நடந்த மாதமும் ஆண்டும், ஒவ்வொரு கர்ப்பமும் ஏறத்தாழ எத்தனை வாரம் நீடித்தது, ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்ப்பால் கொடுத்த மாதங்கள், மாதவிடாய் நின்றுவிட்டதென்றால் அப்போதைய வயது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில், ரத்த உறவில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், உறவுமுறையோடு நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது அவருக்கு இருந்த வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாய்வழி உறவை மட்டும் எழுதிவிட்டு அத்தையையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் விட்டுவிடுவது பலரும் செய்யும் பிழை. மரபணு வழியாக வரும் அபாயம் தகப்பன் வழியாகவும் அதே அளவுக்கு வரக்கூடியது.

பிரசவத் தேதிகள் எளிதில் கிடைத்துவிடும். பால் கொடுத்த மாதங்கள்தான் நினைவில் நிற்பதில்லை. பாலை மறக்கடித்த நாளை நினைவுக்குக் கொண்டுவருவது இதற்கு நல்ல வழி. மார்பில் வேப்பெண்ணெய் தடவியதும் குழந்தை முகத்தைச் சுளித்ததும் பெரும்பாலான தாய்மார்களுக்கு மறப்பதில்லை. அது ஆடிப்பெருக்குக்கு முன்னா, தீபாவளிக்குப் பின்னா என்று கேட்டுக்கொண்டால் மாதக்கணக்கு கிடைத்துவிடும். இரவில் மட்டும் கொடுத்த மாதங்களையும் சேர்த்து எழுதலாம், ஆனால் அப்படிக் கொடுத்தது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கட்டும்.

முதல் பிரசவத்தின் வயது ஏன் கேட்கப்படுகிறது?

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ ராமசினி, கன்னியாஸ்திரீகளிடம் மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர், நோயுற்ற பெண்களையும் நோயில்லாத பெண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு 1926இல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகளின் எண்ணிக்கையும் பால் கொடுத்த காலமும் இந்நோயோடு தொடர்புடையவை என்று காட்டினார். பின்னர் பிரையன் மக்மேஹன் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்து 1970இல் வெளியான ஆய்வு, 18 வயதுக்கு முன் முதல் குழந்தை பெற்றவர்களின் அபாயம், 35 வயதுக்குப் பின் முதல் குழந்தை பெற்றவர்களின் அபாயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டது.

இதன் காரணம் மார்பகத் திசுவின் வளர்ச்சியில் இருக்கிறது. பூப்பு முதல் முதல் கர்ப்பம் வரை, பால் சுரக்கும் நுண்ணறைகள் முழுமையாக முதிர்ச்சியடையாமல் இருக்கின்றன. இளந்தளிரைப் போன்ற அந்த நிலையில் செல்கள் அடிக்கடி பிரிகின்றன, பிரியும்போது மரபணுவில் பிழை நேரும் வாய்ப்பும் கூடுகிறது. நிறைமாதக் கர்ப்பம் அந்த அறைகளைப் பால் சுரக்கும் நிலைக்கு முதிரச் செய்கிறது, முதிர்ந்த செல்கள் எளிதில் கெடுவதில்லை. ஹோசே ரூசோ, இர்மா ரூசோ என்ற ஆய்வாளர் தம்பதியர் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். குட்டி ஈன்ற பிறகு புற்றுநோய் தூண்டும் வேதிப்பொருளைப் பெற்ற எலிகளுக்கு, குட்டி ஈனாத எலிகளைக் காட்டிலும் மிகக் குறைவாகவே கட்டிகள் வந்தன. பூப்புக்கும் முதல் பிரசவத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் நீளநீள, இளந்திசு ஆபத்துக்கு ஆட்படும் காலமும் நீள்கிறது. உங்கள் தாளில் இந்த இரண்டு வயதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தின் வாரங்களை எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. டென்மார்க் பெண்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வொன்றில், 34 வாரமோ அதற்கு மேலோ நீடித்த கர்ப்பங்களே பாதுகாப்பு அளித்ததாகத் தெரியவந்தது. 33 வாரத்தில் முடிந்த கர்ப்பத்தில் அந்தப் பாதுகாப்பு காணப்படவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இளம் வயதில் பிள்ளை பெறுவது மார்பகத்துக்கு நல்லது என்ற செய்தியை எடுத்துக்கொண்டு, பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடித்துவிடவேண்டும் என்று யாராவது வாதிட்டால், அது பெருந்தவறு. பதின்ம வயதுக் கர்ப்பம் ரத்தசோகையையும் ரத்த அழுத்தக் கோளாறுகளையும் சிக்கலான பிரசவத்தையும் உடனடியாகக் கொண்டுவரக்கூடியது. பல பத்தாண்டுகள் கழித்துக் குறையக்கூடிய ஓர் அபாயத்துக்காக இன்றைய ஆபத்தை விலைக்கு வாங்க எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். இந்த எண்கள் கவனிக்கவேண்டிய காலத்தை அறிந்துகொள்ளப் பயன்படுகின்றன. எப்போது பிள்ளை பெறவேண்டும் என்று முடிவு செய்வது அவற்றின் வேலை அன்று.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டி, நோயுற்ற 50,302 பெண்களையும் நோயில்லாத 96,973 பெண்களையும் ஒப்பிட்ட பெரிய பகுப்பாய்வு 2002இல் வெளிவந்தது. அதன்படி ஒவ்வொரு பிரசவமும் அபாயத்தை 7 சதவீதமும், மொத்தமாகத் தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதமும் அதற்கு மேல் 4.3 சதவீதமும் குறைக்கின்றன.

இரண்டு குழந்தைகளைப் பெற்று, ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் பால் கொடுத்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிள்ளை பெறாத பெண்ணின் அபாயத்தை 100 என்று வைத்தால், முதல் பிரசவத்துக்கு 93, இரண்டாவதுக்கு ஏறத்தாழ 86.5 என்று அது இறங்குகிறது. பால் கொடுத்த 36 மாதங்களுக்காக மூன்று முறை 4.3 சதவீதத்தைக் கழித்தால் கடைசியில் ஏறத்தாழ 76 நிற்கும். சதவீதங்களை எல்லாம் கூட்டி ஒரே தடவையில் கழிக்கக்கூடாது, ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதிலிருந்துதான் கழிக்கவேண்டும். ஒரு பேச்சுக்கு, 100 பெண்களில் நால்வருக்கு வாழ்நாளில் நோய் வரக்கூடிய இடத்தில் இப்போது மூவருக்கு வருகிறது என்று இதற்குப் பொருள். அந்த மூவரும் பிள்ளை பெற்றவர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை ஆண்டு பால் கொடுத்தவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. முதல் பிரசவம் 35 வயதுக்கு மேல் நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குப் பாதுகாப்பு மிகவும் குறைவு, சில ஆய்வுகளில் பிள்ளை பெறாதவர்களைவிட அபாயம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

பால் கொடுப்பதன் பலன் நம் ஊர்ப் பெண்களிடமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நிற்காத பெண்களிடம், பால் கொடுத்த மொத்தக் காலம் கூடக்கூட அபாயம் குறைவது தெரிந்தது. இரண்டு பிள்ளைகளுக்குக் குறைவாகப் பெறுவது தமிழ்நாட்டில் சராசரியாகிவிட்ட இக்காலத்தில், பிள்ளைகளின் எண்ணிக்கையால் கிடைத்துவந்த பாதுகாப்பு நம் பாட்டிமார்களோடு பெரும்பாலும் போய்விட்டது. வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பால் பீய்ச்சி வைத்துக்கொள்ள ஓர் அறையும் அரைமணி நேரமும் தருவது குழந்தைக்கு மட்டுமல்லாமல் தாய்க்கும் செய்யும் மருத்துவ உதவி என்று நான் மனமார நம்புகிறேன். ஆனாலும் பால் சுரக்காததால் கொடுக்க முடியாமல் போன பெண்ணிடம் இந்த எண்களைச் சொல்லி அவளைக் குற்றவாளியாக்குவது அறமாகாது.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆண்டுகள்

பலருக்கும் தெரியாத பகுதி இதுதான். பிரசவம் தரும் பாதுகாப்பு உடனே கிடைப்பதில்லை. முதல் சில ஆண்டுகளுக்கு அபாயம் கூடுகிறது. ஏறத்தாழ 9 லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 15 ஆய்வுகளின் தொகுப்பு 2019இல் வெளியானது. அதில், பிரசவித்து ஐந்து ஆண்டுகள் ஆன நிலையில், பிள்ளை பெறாத அதே வயதுப் பெண்களைவிட அபாயம் 80 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. பிறகு அது மெல்ல மெல்ல இறங்கி, கடைசிப் பிரசவத்திலிருந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழிந்த பின்னரே பாதுகாப்பாக மாறியது.

80 சதவீதம் என்ற எண் அச்சமூட்டக்கூடியது என்பதால் அதன் உண்மையான அளவையும் சொல்லவேண்டும். இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் அரிது. சிறிய எண்ணின் 80 சதவீதமும் சிறியதே. அதே தொகுப்பில், 41 முதல் 45 வயது வரையில், சில ஆண்டுகளுக்கு முன் பிரசவித்த பெண்களிடம் ஒரு லட்சம் பேருக்கு 41 பேர் மட்டுமே கூடுதலாக நோயுற்றனர். முதல் குழந்தையைத் தாமதமாகப் பெற்றவர்களிடமும் குடும்பத்தில் நோய் இருந்தவர்களிடமும் இந்த ஏற்றம் அதிகம். பால் கொடுத்ததால் இந்த ஏற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை.

கர்ப்பகாலத்தில் ஹார்மோன்கள் எல்லாச் செல்களையும் பெருகத் தூண்டுகின்றன, ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த செல் இருந்தால் அதையும் தூண்டுகின்றன. பால் நின்றபின் மார்பகத் திசு சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பும்போது, புண் ஆறும்போது நடப்பதைப் போன்ற மாற்றங்கள் அங்கே நிகழ்கின்றன. அந்தச் சூழல் புற்றுச் செல்களுக்குச் சாதகமாக அமையக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே உங்கள் தாளில் கடைசிப் பிரசவத்தின் ஆண்டுக்குக் கீழே கோடிட்டு, அதிலிருந்து ஐந்தாவது ஆண்டையும் பத்தாவது ஆண்டையும் எழுதிவையுங்கள். அந்த ஆண்டுகளில் மார்பில் தோன்றும் எந்த மாற்றத்தையும் "குழந்தைக்காரிக்கு இப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்காதீர்கள்.

பால் கட்டா, வேறு கட்டியா?

என் பெரியம்மா மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதமாகியிருந்தபோது, இடது மார்பின் மேற்புறத்தில், அக்குளை ஒட்டினாற்போல், சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. "பால் கட்டிக்கிச்சும்மா, குழந்தைய நல்லா குடிக்க விடு, சரியாயிடும்" என்று எல்லாரும் சொன்னார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். அக்கா காட்டிய மருத்துவரும் ரவிக்கைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். நான்கு மாதம் கழித்து அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் ஸ்கேன் எடுக்கப்பட்டது. சிகிச்சை முடிந்து அக்கா இன்று நலமாக இருக்கிறாள் என்றாலும், அந்த நான்கு மாதங்களுக்கு அவள் கொடுத்த விலை பெரிது.

பால் கொடுக்கும் காலத்தில் மார்பைச் சோதிக்க ஏற்ற நேரம், குழந்தை வயிறு நிறையக் குடித்து முடித்த உடனே. பால் நிறைந்த மார்பு எங்கும் கரடுமுரடாகவே இருக்கும், எதையும் கண்டுகொள்ள முடியாது. பால் இறங்கியபின் படுத்துக்கொண்டு, சோதிக்கும் பக்கத்துக் கையைத் தலைக்குக் கீழே வைத்து, மறுகையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், நுனியால் அல்லாமல், சிறு சிறு வட்டங்களாக அழுத்திக்கொண்டு செல்லுங்கள். கழுத்தெலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரையிலும், நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரையிலும் விடுபடாமல் தொடவேண்டும். பால் கட்டு என்றால் பெரும்பாலும் வலிக்கும், குழந்தை குடித்தபின் அளவு குறையும் அல்லது மென்மையாகும், ஓரிரு நாளில் கரைந்துவிடும். பால் இறங்கிய பிறகும் அதே இடத்தில், அதே அளவில், கெட்டியாக நிற்கும் கட்டிதான் கவனத்துக்குரியது. வலி இல்லை என்பது ஆறுதல் தரும் செய்தி அன்று, புற்றுநோய்க் கட்டிகளில் பல தொடக்கத்தில் வலிப்பதில்லை.

கர்ப்பத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தோன்றி இரண்டு வாரத்துக்கு மேல் நிலைத்திருக்கும் எந்தக் கட்டிக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். மார்பு சிவந்து வீங்கி, பால் கட்டியதால் வந்த அழற்சி என்று மருந்து கொடுத்தும் குறையாமல், தோல் ஆரஞ்சுத் தோலைப்போல் குழிகுழியாகத் தென்பட்டால் அந்த இரண்டு வாரங்கள்கூடக் காத்திருக்க வேண்டாம். இவ்வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவையாகவே முடியும், அதைச் சோதித்துத் தெரிந்துகொள்வதே நிம்மதி.

சோதனைக்காகப் பாலை நிறுத்தவேண்டியதில்லை. ஸ்கேனால் குழந்தைக்குத் தீங்கில்லை. தேவைப்பட்டால் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் எடுக்கலாம், அது பாலைக் கெடுக்காது. படம் எடுப்பதற்குச் சற்று முன் பால் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக வரும். சந்தேகம் தீராவிட்டால் ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதிப்பதும் பால் கொடுக்கும் காலத்திலேயே செய்யக்கூடியதுதான். "பால் நின்றதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், ஸ்கேனாவது இப்போதே எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

எழுதத் தேவையற்ற கவலைகள்

கருச்சிதைவோ கருக்கலைப்போ நடந்ததால் மார்பகப் புற்றுநோய் வருமோ என்று தனியே அஞ்சிக்கொண்டிருக்கும் பெண்கள் உண்டு. 16 நாடுகளில் 83,000 நோயாளிகளை உள்ளடக்கிய 53 ஆய்வுகளின் தொகுப்பு, 2004இல், இரண்டாலும் அபாயம் கூடுவதில்லை என்று தெளிவாகக் காட்டியது. குழந்தைப்பேற்றுக்காகச் சோதனைக்குழாய் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களையும் நெதர்லாந்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள், அவர்களிடமும் அபாயம் கூடியிருக்கவில்லை.

பிள்ளை இல்லாதவர்களும் தாமதமாகப் பெற்றவர்களும்

பிள்ளை இல்லை என்பதற்காக ஏற்கெனவே போதுமான பேச்சுகளைக் கேட்டுவிட்ட பெண்ணுக்கு இந்தக் கட்டுரை இன்னொரு பேச்சாக அமைந்துவிடக்கூடாது. பிள்ளைப்பேற்று விவரங்கள் மாற்ற முடியாதவை. மாதவிடாய் நின்றபின் உடல் எடை கூடாமல் பார்ப்பது, உடலுழைப்பு, மதுவைத் தவிர்ப்பது ஆகியவை மாற்றக்கூடியவை. இந்தியாவில் அரசுத் திட்டத்தின்கீழ் 30 வயதிலிருந்து பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய நீண்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்ததாலேயே, 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இந்நோயால் இறப்பது 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. கூச்சத்தால் இந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

தாளின் மறுபக்கத்தில் தாயோ சகோதரியோ மகளோ 50 வயதுக்கு முன் நோயுற்றதாக எழுதியிருந்தால், அல்லது சினைப்பைப் புற்றுநோயும் சேர்ந்து வந்திருந்தால், முன்பக்கக் கணக்கைவிட அதுவே பெரிது. அத்தகையவர்கள் மரபணு ஆலோசனையைக் கேட்டுப் பெறவேண்டும்.

பிள்ளைப்பேற்றின் பாதுகாப்பு பெரும்பாலும் ஹார்மோனைச் சார்ந்து வளரும் கட்டிகளுக்கு எதிரானது. ஹார்மோன் ஏற்பிகள் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகைக்கு அது பொருந்துவதில்லை. அந்த வகை நம் நாட்டு நோயாளிகளிடம் மேலை நாடுகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. தாய்ப்பால் கொடுப்பது அந்த வகையின் அபாயத்தையும் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கர்ப்பத்தின் நடுவே நோய் தெரியவந்தால்

இது அரிது, ஏறத்தாழ 3,000 கர்ப்பங்களில் ஒன்று என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. கருவைக் கலைத்தால்தான் தாய் பிழைப்பாள் என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரவேண்டாம். கருவைக் கலைப்பதால் குணமாகும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அறுவைச் சிகிச்சையைக் கர்ப்பகாலத்திலேயே செய்யலாம். முதல் மூன்று மாதம் கழிந்தபின் குறிப்பிட்ட சில கீமோதெரபி மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. கதிரியக்கச் சிகிச்சையையும் தமாக்சிபென், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளையும் பிரசவத்துக்குப் பின்னர் வைத்துக்கொள்வார்கள்.

நோய் குணமான பிறகு பிள்ளை பெறலாமா என்ற கேள்விக்கும் இப்போது நம்பிக்கையான விடை இருக்கிறது. ஹார்மோன் சார்ந்த நோய்க்கு ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுத்தபின், கர்ப்பத்துக்காக இரண்டு ஆண்டுகள் வரை அதை நிறுத்திவைத்த 500க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் அவர்களில் 8.9 சதவீதம், நிறுத்தாத ஒப்பீட்டுக் குழுவில் 9.2 சதவீதம். நீண்டகால விளைவைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரோடு பேசி நாளைக் குறித்துக்கொண்டே நிறுத்தவேண்டும்.

எழுதிய தாளை ஸ்கேன் அறிக்கைகளோடு ஒரே உறையில் வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது, கட்டி எந்த நாளில் முதலில் தட்டுப்பட்டது, பால் கொடுத்தபின் அளவு மாறியதா என்ற இரண்டு வரிகளை அதன் மேலே சேர்த்து எழுதி, பேசத் தொடங்குவதற்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மகள் இருந்தால், மறுபக்கத்தில் உங்கள் பெயரையும் வயதையும் எழுதி அவளுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள்.